பஸ்ஸர் ஒயரை வெட்டினது நான்தான்

அடியே வாலு,

நல்லா இருக்கியா, சாப்பிடறியா, தூங்கறியா, மூணுக்கும் ஆமான்னு நீயே சொல்லிக்கோ. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். அப்பாவுக்கு இடுப்பு வலி, தையல் மெஷின்ல உக்காந்தா எந்திரிக்க முடியல, எனக்கு உக்காரவே முடியல, இந்த ரெண்டு வரி எழுதறதுக்குள்ள மூணு தடவை எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சிட்டேன். ஒரு மாசமா நீ அப்பாகிட்ட மட்டும் பேசற, சரி, பேசு. அவரு போனைக் காதுல வச்சு ம் ம்னு சொல்றப்போ நான் பக்கத்துல நின்னு பாத்திரம் கழுவிட்டுதான் இருப்பேன், ஒரே டம்ளரை நாலு தடவை கழுவியிருக்கேன், அது தேஞ்சே போச்சு.

விஷயத்துக்கு வரேன். நாலு நாள் லீவுல உன் மாட்டு ஆஸ்பத்திரி வண்டியோட வந்தப்போ பின்னாடி ரெண்டு லைட் கேட்ட. ரிவர்ஸ் போட்டா தானா எரியணும், வண்டி நிக்கும்போது டாஷ்போர்டு சுவிட்சப் போட்டாலும் எரியணும், கொட்டகைல இருட்டா இருக்கும்னு சொன்ன. நான் ஒரு ரிலே வச்சு, அதான் சின்னக் கரண்ட்டு தட்டினா பெரிய கரண்ட்ட விடற டப்பா, ரிவர்ஸ் ஒயரையும் சுவிட்ச் ஒயரையும் ஒண்ணா முறுக்கி அதோட ஒரே காலுக்குக் குடுத்து, டேப் சுத்தி, அரை மணி நேரத்துல முடிச்சேன். நீ சுவிட்சப் போட்டுப் பாத்துட்டு வந்து சொன்ன, அம்மா, வண்டி நியூட்ரல்ல நிக்குது, ஆனா ரிவர்ஸ் பல்பும் எரியுது, ரிவர்ஸ் எடுத்தா மட்டும் கத்தற பஸ்ஸரும் கத்துது, கரண்ட்டு அந்தப் பக்கம் திரும்பிப் போகுது, கரண்ட்ட ஒரு பக்கம் மட்டும் விடற டயோடு ஒண்ணு போடணும்மான்னு. நான் என்ன சொன்னேன்னு உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதறேன், பதினேழு வருஷமா ஒயர்ல கை வச்சவகிட்ட நாலு வீடியோ பாத்துட்டு வந்து பாடம் எடுக்காதேன்னேன். சொல்லிட்டு கட்டிங் பிளேயர எடுத்து பஸ்ஸர் ஒயரை வெட்டி விட்டேன். சத்தம் நின்னுச்சில்ல, அவ்வளவுதான் வேலைன்னேன். வண்டி வாய் விட்டு அழுதுச்சு, நான் வாயைக் கட்டிட்டேன். அதோட விட்டிருந்தாலும் பரவால்ல, நீ விடாம டயோடு டயோடுன்னதும், உன்ன வயித்துல சுமந்ததாலதான் என் படிப்பே போச்சு, இல்லன்னா நானும் உன்ன மாதிரி பேசுவேன்னு சொல்லிட்டேன். நீ சாவிய எடுத்துட்டுக் கிளம்பிட்ட.

போன செவ்வாய்க்கிழமை பிரெட் விக்கற வண்டிக்காரரு நம்ம ஒர்க் ஷாப்புக்கு வண்டியத் தள்ளிட்டு வந்தாரு. டாஷ்போர்டுக்கு அடியில புகை வந்து, குடிக்க வச்சிருந்த பாட்டில் தண்ணிய ஊத்தி அணைச்சிருக்காரு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. கழட்டிப் பாத்தா உனக்குப் போட்ட அதே வேலை, அவருக்கும் நான்தான் போட்டிருக்கேன். அந்த சுவிட்ச் ஒயரு ரிலேவை மட்டும் தட்டி எழுப்பறதுக்குன்னு போட்ட நூலு மாதிரி ஒயரு, அது ரெண்டு ரிவர்ஸ் பல்பையும் சேத்து மணிக்கணக்குல சுமந்திருக்கு. நடுவுல ஃபியூஸும் இல்ல. நான் முறுக்கின இடத்துல கருகி, டேப்பெல்லாம் தார் மாதிரி ஒழுகிக் கிடக்கு. பக்கத்துலயே வெட்டி விட்ட பஸ்ஸர் ஒயரு தொங்குது. அவருக்கும் வெட்டித்தான் விட்டிருக்கேன்டி. ஒர்க் ஷாப் ஓனரு குனிஞ்சு பாத்துட்டு, யாரு செஞ்ச வேலைம்மா இதுன்னாரு. நான்தாங்கன்னேன். அவரு டீ குடிக்கப் போயிட்டாரு, திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்பா யானைக்கும் அடி சறுக்கும்னு சமாதானம் சொன்னாரு, யாரைப் பாத்து யானைங்கறீங்கன்னு ரெண்டு நாள் அவருகூடவும் பேசல.

இதே மாதிரி எத்தன வண்டிக்குப் போட்டேன்னு யோசிச்சேன், அஞ்சு. மூணு பேருக்கு போன் பண்ணி வரச் சொல்லி, பிரெட் வண்டியோட சேத்து நாலையும் பிரிச்சு மறுபடி செஞ்சேன். அஞ்சாவது நீ. அதான் உக்கார முடியல. அப்பா போன்ல அந்த சுவிட்சத் தொடாதேன்னு சொன்னாரு, அதுக்கு நீ, இது கன்னு போடற நேரம், லைட் இல்லாம எப்படி இழுக்கறது, வாயால சொல்றத நான் நம்பறதில்ல, அம்மாவைப் படம் போட்டு அனுப்பச் சொல்லுங்கன்னு சொன்னியாம். ஸ்பிரிட் பாட்டிலெல்லாம் அந்த டாஷ்போர்டுக்குக் கீழதானடி வச்சிருக்க.

படம் கேட்ட பாரு, சரியான இடத்துல அடிச்ச. நான் பாலிடெக்னிக்ல டிராயிங் பேப்பர்ல ரெண்டு தடவை ஃபெயிலு. மூணாவது தடவை பரீட்சை ஹாலுக்குப் போய், டிராயிங் போர்டைப் பாத்துட்டு, பேனாவத் தொடாம எந்திரிச்சு வந்தேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. அப்ப நீ வயித்துலயே இல்ல, நீ வயித்துல வந்ததே அதுக்கு எட்டு மாசம் கழிச்சுதான். எல்லாரும் குழந்தைக்காகப் படிப்ப விட்டாள்னு சொன்னாங்க, கேக்க நல்லா இருந்துச்சு, நானும் தலையாட்டிட்டேன், இருபத்தோரு வருஷமா ஆட்டிட்டே இருக்கேன். உன்னால ஒண்ணும் போகல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கூடமா உன்ன வச்சுக்கிட்டேன். இத அப்பாகிட்டயும் நேத்துதான் சொன்னேன், எனக்கு அப்பவே தெரியும்னாரு அந்த மனுஷன்.

படம் பின்பக்கம் இருக்கு, ஏழு தடவை அழிச்சேன், தாள்ல இருக்கற ஓட்டை ரப்பர் தேச்சுக் கிழிஞ்சது. புரியலன்னா இதப் படி. மொதல்ல பேட்டரி மைனஸக் கழட்டு, இத மறக்காத. நான் முறுக்கினத வெட்டி எறி. கவர்ல ரெண்டு டயோடு ஒட்டியிருக்கேன், சின்னக் கறுப்பு உருளை, ஒரு முனையில வெள்ளிக் கோடு இருக்கும். ரிவர்ஸ்லேந்து வர ஒயருக்கு ஒண்ணு, சுவிட்ச்லேந்து வர ஒயருக்கு ஒண்ணு, ரெண்டுலயும் கோடு ரிலே பக்கம் பாக்கணும். அப்புறம் ரெண்டையும் சேத்து ரிலேவுல எண்பத்தாறுன்னு நம்பர் போட்ட காலுக்குக் குடு. கரண்ட்டு ரிலேவுக்குப் போகும், ஒண்ணோட ஒயருக்குள்ள இன்னொண்ணு நுழையாது. கோட்ட மாத்தி வச்சா லைட் எரியாது, பயப்படாம திருப்பிப் போடு. சுவிட்சுக்குக் கரண்ட்டு எடுக்கற இடத்துலயே சின்ன ஃபியூஸ் ஒண்ணு போடு, அதுவும் கவர்ல இருக்கு. எல்லாத்தையும் ஈயம் உருக்கி சால்டர் வை, உங்கம்மா மாதிரி முறுக்கி விட்டுடாத. இது முடியற வரைக்கும் சுவிட்சத் தொடாத, தலையில கட்டற டார்ச்ச வச்சுக் கன்ன இழு.

கடைசியா, நான் வெட்டி விட்ட பஸ்ஸர் ஒயரைச் சேத்துடு. இது முக்கியம், சேக்காம சோதிச்சா ஒண்ணும் தெரியாது. அப்புறம் பேட்டரிய மாட்டிட்டு வண்டிய நியூட்ரல்ல வச்சு சுவிட்சப் போடு. பின்னாடி போட்ட ரெண்டு லைட் மட்டும்தான் எரியணும், பஸ்ஸர் கத்தக் கூடாது.

ஸ்வெட்டர எடுத்துப் போட்டுக்கோ, அங்க குளிரும்னு அப்பா சொல்றாரு. ஒத்தையில மாட்டுக்குப் பின்னாடி நிக்காத, ஒரு உதைல பல்லு போயிடும். நீ நல்லா இருக்கணும், உன் கை பட்ட கன்னெல்லாம் எந்திரிச்சு நிக்கணும், வேற என்ன வேண்டறதுன்னு எனக்குத் தெரியல.

பஸ்ஸர் கத்துச்சுன்னா படத்துல எங்க தப்புன்னு சிவப்பு மையில சுழிச்சு எனக்கே அனுப்பு, வாயத் தொறக்க மாட்டேன். கத்தலன்னா, அடுத்த தடவ அப்பாவுக்குப் போன் பண்றப்போ எங்கிட்டக் குடுக்கச் சொல்லு. நான் பக்கத்துலதான் நிப்பேன்.

இப்படிக்கு,
டம்ளர் கழுவிக்கிட்டு,
உன் அம்மா