கேட்டது நான், எழுதியது நாலாம் மாடி

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று மேம்பாட்டுக் கூட்டம். வெளியிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டி வந்திருந்தார்கள். உரிமம் ரத்தானவர்களின் மேல்முறையீட்டை எப்படிச் சிறப்பாக விசாரிப்பது என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். கண்டுபிடிப்பு இதுதான்: ஆளுக்குப் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். காத்திருக்கும் அறைக்கு இளநீலத்தில் புது நாற்காலிகள். "வர்றவங்க நிம்மதியா உணரணும்." வேலை பறிபோய் வந்து உட்காருகிறவனுக்கு நாற்காலி நிறம்தான் குறைச்சல்!

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கையைத் தூக்கினேன்.

"விசாரிக்கிறது ரெண்டாம் மாடியில நாங்க. உத்தரவு எழுதறது நாலாம் மாடியில, அந்த ஆளைக் கண்ணாலயே பார்க்காத ஒருத்தர். வெளிய போறது எங்க கையெழுத்தோட. முதல்ல அதை மாத்தலாமே?"

உத்தரவுகளை எழுதுகிற துணை இயக்குநர் சிரித்தார். "முகத்தைப் பார்த்தா இரக்கம் வந்துடும் மேடம். காகிதத்தைப் பார்த்தா வராது. அதான் நியாயம்."

எல்லாத் தலைகளும் ஆடின. ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார் — பொன்மொழியாம்.

பிப்ரவரி 5, வியாழன்

நாற்காலிகள் வந்துவிட்டன. இதில் மட்டும் என்ன வேகம்.

பிப்ரவரி 11, புதன்

கிரேன் ஓட்டுகிற பெண் ஒருத்தி வந்தாள். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில், உச்சியில் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி வைக்கிற வேலை. மருத்துவப் பரிசோதனையில் இடது காது போய்விட்டது என்று தெரிந்ததும் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

என் முதல் கேள்வி அவளுக்குக் கேட்கவில்லை. "நீங்க இந்தப் பக்கம் வந்து உட்காருங்க மேடம். அப்புறம் எவ்ளோ வேணா கேளுங்க" என்றாள். இடம் மாறினேன். பிறகு ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை.

"அங்க இருக்கிற சத்தத்துல நல்ல காதுக்கே ஒண்ணும் கேக்காது. கீழ நிக்கிறவர் கையை ஆட்டுவாரு, அதைப் பார்த்துதான் தூக்குவோம்."

"அவர் கண்ணுக்குத் தெரியலைன்னா?"

"வாக்கி டாக்கி, வலது காதுல. அதுவும் சரியாக் கேக்கலையா, கொக்கியை அசைக்கவே மாட்டேன். எனக்குன்னு இல்ல, எல்லாருக்கும் அதான் விதி."

பத்து நிமிடமாவது, மண்ணாவது. ஒரு மணி நேரம் கேட்டேன். உரிமத்தைத் திருப்பித் தரலாம், ஆண்டுதோறும் காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதி மேலே அனுப்பினேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மேலேயிருந்து உத்தரவு இறங்கி வந்தது. "மனுதாரர் விசாரணையில் கேள்விகளுக்குப் பதிலளிக்க இயலாத நிலையில் இருந்தார். மேல்முறையீடு தள்ளுபடி."

முதல் கேள்வி கேட்கவில்லை, இடம் மாறியதும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார் என்று எழுதியிருந்தேன். பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்துக்கொண்டார் மனுஷன். அடியில் வழக்கமான வரி: "மனுதாரரை நேரில் விசாரித்து, நான் இந்த முடிவுக்கு வந்தேன்." எந்த நான்? யாருய்யா அந்த நான்? நான் வரவே இல்லையே அந்த முடிவுக்கு!

கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

துணை இயக்குநரிடமிருந்து நாலாம் மாடிக்கு அழைப்பு.

"எல்லாரும்தான் போடறாங்க. உங்களுக்கு மட்டும் கை வலிக்குதா?"

"நான் முடிவு செஞ்சேன்னு போட்டிருக்கு சார். நான் செய்யல."

"அப்ப நான் போடட்டுமா? நேரில் விசாரிச்சேன்னு இருக்கே, நான் எங்க விசாரிச்சேன்?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. வீட்டில் இவரிடம் சொன்னேன். "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போடாதே" என்றார்.

மார்ச் 2, திங்கள்

கீழ்ப்படியாமைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். விசாரணை வேலையும் பறிபோனது. என் மேசை இப்போது கழிவறைக்குப் பக்கத்தில். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்வையாலேயே துக்கம் விசாரிக்கிறார்கள்.

கிரேன்காரப் பெண் நேரில் வந்துவிட்டாள். "என்னாச்சு மேடம்? என் இடத்துக்கு வேற ஆளைத் தேடறாங்க." என்னத்தைச் சொல்ல? தள்ளுபடி உத்தரவாவது கைக்குப் போயிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பாள்; அவளுடைய கோப்பு என்னால்தான் நிற்கிறது. நான் பாட்டுக்கு வீறாப்பாக உட்கார்ந்திருக்கிறேன், பட்டினி அவளுக்கு.

மார்ச் 9, திங்கள்

என் பழைய இடத்தின் எதிர் மேசைக்காரர் — இத்தனை வருடமாக எதற்கும் மறுத்துப் பேசாத பிள்ளைப்பூச்சி — தன் உத்தரவுகளைக் கையெழுத்தில்லாமல் மேலே திருப்பி அனுப்பிவிட்டார்! "வீட்டுல உங்க விஷயத்தைச் சொன்னேன். 'உங்களுக்கு ஏன் உறைக்கல'ன்னு கேட்டுட்டா" என்றார். அவரைப் பார்த்து இன்னும் இருவர். மேலே கோப்புகள் தேங்குகின்றன. இயக்குநர் சட்டப் பிரிவைக் கேட்டிருக்கிறார். நேரில் விசாரித்தவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். இதைச் சொல்ல ஒரு சட்டப் பிரிவு!

மார்ச் 17, செவ்வாய்

கையெழுத்துப் போட வேறு ஆள் கிடைக்காததால், கிரேன் வழக்கைத் துணை இயக்குநரே விசாரிக்க வேண்டியதாயிற்று. குறிப்பெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நாலாம் மாடி இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்த காட்சியைக் கண்ணால் கண்டேன்.

அவள் அவரையே பார்த்தாள். "நான் பதில் சொல்லலைன்னு எழுதினது நீங்களா சார்?"

கோப்பைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். "ஆமா."

"நீங்க என்னைப் பார்த்ததே இல்லையே."

கோப்பை மூடி வைத்தார். அப்புறம் கேட்டார் பாருங்கள் கேள்வி — காற்று அடித்தால் என்ன செய்வாய், மழை பெய்தால், வெளிச்சம் போனால். நான் கேட்காததையும் கேட்டார். மனிதருக்கு மூளை இருக்கத்தான் செய்கிறது. இவ்வளவு நாளாக மேலேயே பூட்டி வைத்திருந்தார்.

உரிமம் திரும்பக் கிடைத்துவிட்டது. வெளியே வரும்போது என்னிடம் மெதுவாக, "காகிதத்துல இப்படித் தெரியல" என்றார். பெரிய கண்டுபிடிப்பு.

மார்ச் 31, செவ்வாய்

சுற்றறிக்கை. இனி விசாரிப்பவரே முடிவெடுத்து, காரணத்தையும் எழுத வேண்டும். அதை மனுதாரரிடம் நேரில் சொல்லவும் வேண்டும். "ஆலோசகரின் மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி" என்று தலைப்பு. விழுந்து விழுந்து சிரித்தேன். என் நோட்டீஸை ரத்து செய்து, விசாரணை வேலையையும் திருப்பித் தந்துவிட்டார்கள். மன்னிப்பு? அதற்கெல்லாம் தனி ஆலோசகர் வர வேண்டும் போல.

ஏப்ரல் 9, வியாழன்

என் முதல் முடிவு.

பேருந்து ஓட்டுநர். ஓட்டும்போதே இரண்டு முறை மயங்கியிருக்கிறார். மருந்துக்கும் கட்டுப்படவில்லை. மனைவியோடு வந்திருந்தார். தங்கமான மனிதர், பொய்யே சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

உரிமம் தர முடியாது என்று சொன்னேன்.

"மேல யாரைப் பார்க்கணும்?" என்று கத்தினார்.

"மேல யாரும் இல்லைங்க. முடிவெடுத்தது நான்தான்."

அவர் சட்டென்று அடங்கிப்போனார். கத்திக்கொண்டிருந்தபோதே தேவலை. அந்த அம்மாதான், "ஏன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார். சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, கணவரின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனார்.

அடுத்த ஆளைக் கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.