நீங்கள் எடுத்துவிட்ட துட்டி விதி

மச்சான்,

அக்கா உங்கள் லேப்டாப்பைத் தூக்கி என் மடியில் வைத்தபோது எண்டர் பொத்தானில் அந்த நீலக் கறை அப்படியே இருந்தது. திராட்சைக்கொடிக்குத் தெளிக்க மயில்துத்தம் கலந்த கையோடு வந்து தட்ட உட்காருவீர்கள். கழுவிவிட்டு உட்காருங்கள் என்றால், "துத்தம் பட்டா நோய் அண்டாதுத்தா" என்பீர்கள். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன், போகவில்லை. இந்தப் பொத்தானைத் தட்டித்தான் எங்கள் எல்லாரையும் ஏமாற்றினீர்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

செத்தவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்பார்கள். சுருளிப்பட்டியில் உங்களைப் புகழ ஆளுக்குப் பஞ்சமில்லை. மோட்டார் அறையில் படம் மாட்டி மாலை போட்டிருக்கிறார்கள். புகழும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டுக் கிணற்றுத் தகராறு உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் முறையை யார் கையில் கொடுத்தாலும் அவர் தன் பங்காளிக்கு வளைத்துவிடுவார். கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்த நீங்கள்தான் கிணற்றுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றீர்கள். "எவனும் திருத்த முடியாத எடத்துல முறைய எழுதி வச்சிருவோம்." அதாவது ஸ்மார்ட் கான்ட்ராக்ட். முறைகளை நிரலாக எழுதி பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் அப்புறம் ஏற்றியவராலும் மாற்ற முடியாது. மோட்டார்ப் பெட்டி அதைக் கேட்டுத்தான் ஓடும். முறைக்காரர் தன் போனில் அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

கம்பத்தில் என் வீட்டில் இருந்தபடி, ஆபீஸ் வேலைக்கு நடுவில், அந்த நிரலை எழுதியவள் நான். ஏற்றும் வேலையை மட்டும் நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள். "பொம்பளப் பிள்ள ஏத்துனதுன்னா சங்கத்துல ஒரு மாதிரி பேசுவாக" என்றீர்கள். கொழுந்தியாளுக்குக் கோபம் வந்தால் உங்களுக்குச் சிரிப்புதான் வரும்.

அதில் ஒரு விதிக்காக நான் உங்களோடு மல்லுக்கட்டினேன். சாவு விழுந்த வீட்டில் யார் போனை எடுத்து அழுத்துவார்கள்? பங்காளிகளில் வேறு வேறு வீட்டு ரெண்டு பேர் "துட்டி", அதாவது சாவு வீடு, என்று அழுத்தினால் அந்த வீட்டு முறை அடுத்த வீட்டுக்குப் போகாமல் அவர்களுக்கே நிற்க வேண்டும். ஊரில் வாய்மொழியாக இருந்ததைத்தான் எழுதினேன். "எதுக்குத்தா அதெல்லாம்?" என்று முகத்தைச் சுளித்தீர்கள். விதி இல்லாவிட்டால் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். கடைசியில், "சரித்தா, போட்டாச்சு" என்றீர்கள்.

ஏற்றிய அன்று, "வெரிஃபை பண்ணீகளா மச்சான்?" என்று கேட்டேன். சங்கிலியில் ஓடுவது வெறும் எண்ணும் எழுத்துமாக இருக்கும், யாருக்கும் புரியாது. நாம் எழுதிய நிரலைக் கொடுத்து, இதுதான் அங்கே ஓடுகிறது என்று நிரூபித்தால்தான் எவரும் படித்துப் பார்க்க முடியும். டெர்மினல் திரையில் ஏற்றும் கட்டளையோடு ஒரு சொல் சேர்த்தால் முடிகிற வேலை அது. "அங்கன ஏதோ சாவி கேக்குது, அப்புறம் போட்டுக்கிருவோம்" என்றீர்கள். கேட்கும்போதெல்லாம் அதே அப்புறம்தான். துட்டிப் பொத்தானை ஒருவராவது அழுத்திப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். தன் வீட்டின் மேல் அதை அழுத்திப் பார்க்க யார் சம்மதிப்பார்கள்?

கொடிக்குக் கவாத்து வெட்டி முடித்த வாரம் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கொடி துளிர்க்கிற நேரம். தண்ணீர் நின்றால் அந்தப் போக வெள்ளாமை போச்சு. உங்கள் முறை வந்த நாளில் அக்கா கூடத்தில் சுருண்டு கிடந்தாள். மேலத் தோட்டத்து முத்தையாவும் இன்னொரு பங்காளியும் துட்டி அழுத்தினார்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கான்ட்ராக்ட் திருப்பி அனுப்பிவிட்டது. முறை அடுத்த வீட்டுக்குப் போனது. வாய்ப்பேச்சுக் காலமாக இருந்தால் அந்த வீட்டுக்காரர் வெட்கப்பட்டாவது வாய்க்காலைத் திருப்பிவிட்டிருப்பார். இப்போது, "மிசினு எம்பேரச் சொல்லுது, நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார். நீங்கள் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்தச் சாக்குதான்.

பழி என் தலையில் விழுந்தது. அதே விதியைச் சேர்த்துப் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்று சங்கத்துக்குப் போனேன். தலைவர் உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே, "அவுக சரியாத்தான் ஏத்துனாக. நீ எழுதுனதுலதான் கோளாறு. மறுபடியும் ஒன்ன நம்பவா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அடுத்த முறை வர நாளாகும், அக்காவின் கொடி காய்ந்துகொண்டிருந்தது.

என் நிரலில் கோளாறு இல்லை என்று காட்டத்தான் உங்கள் லேப்டாப்பைத் திறந்தேன். நிரல் நான் அனுப்பியபடியே இருந்தது, துட்டி விதியோடு. ஊருக்குக் காட்டும் முன் சங்கிலியில் ஓடுவதோடு நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. நிரலை எண்ணாக்கும் கம்பைலரின் பதிப்பை மாற்றினேன், அமைப்புகளை மாற்றினேன், பொருந்தவில்லை. பிறகு வேண்டா வெறுப்பாகத் துட்டி விதியை மட்டும் அழித்துவிட்டு ஓட்டினேன். அச்சாகப் பொருந்தியது. அந்த விதியை எடுத்துவிட்டு ஏற்றியிருக்கிறீர்கள். ஏற்றிய பிறகு, நான் என்றைக்காவது பார்ப்பேன் என்று கோப்பில் திரும்பச் சேர்த்தும் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் அதிர்ச்சியடையவில்லை.

"நல்ல நேரம் பாத்து, சூடம் பொருத்தி வச்சுட்டு ஏத்துனாக. நல்ல காரியத்துல அந்த வார்த்த எதுக்குன்னு எடுத்தாக. ஏதோ எழுத்த எடுக்குறாகன்னு நெனச்சேன். அது என் தண்ணின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கம்ப்யூட்டர் படித்தவர் நீங்கள். ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் சாவு உங்கள் வாசலுக்கு வராது என்று நம்பியிருக்கிறீர்கள். சாவு வந்தது, தண்ணீர்தான் வரவில்லை.

"இத வெரிஃபை பண்ணுனா ஊரு பூராம் தெரிஞ்சு போகும்க்கா. மச்சான் பொய் சொன்னாகன்னு பேசுவாக."

அக்கா தலையை அள்ளி முடிந்தாள். "செத்தவுகளுக்கு என்னடி மானம்? எனக்குத் தண்ணி வேணும். போடு."

போட்டேன். உங்கள் கட்டளையில் இல்லாத சொல்லைச் சேர்த்து, உங்கள் நீலப் பொத்தானையே தட்டினேன். அடுத்த கூட்டத்தில் தலைவர் போனில் இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "சரி, ஏத்து" என்றார், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தடவை சோதிக்காமல் ஏற்ற மாட்டேன் என்றேன். யாராவது ஒரு வீட்டுக்குத் துட்டி என்று போட்டு, முறை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருத்தரும் தன் வீட்டுப் பெயரைக் கொடுக்கவில்லை. கதவோரம் நின்ற அக்காதான் சொன்னாள்: "எங்க வீட்டுப் பேரப் போடு. அவுகதான் ஏற்கெனவே போயிட்டாகள்ல."

அந்தப் பெயரைப் போட்டுச் சோதித்துவிட்டு, மோட்டார் அறை வாசலில், பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க ஏற்றி அங்கேயே வெரிஃபை செய்தேன். பங்காளிகள் இருவர் மறுபடி துட்டி அழுத்தினார்கள், அக்காவின் முறை நின்று தண்ணீர் வந்தது. தாமதமாகத்தான் வந்தது. தெற்கு வரிசை முழுக்கக் கருகிவிட்டது, இந்தப் போகம் அங்கே காய் இல்லை. அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

லேப்டாப் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பண்ணைப்புரத்துப் பக்கம் ஒரு கிணற்றுக்காரர்கள் இதே மாதிரி கேட்டு வந்திருக்கிறார்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன். சோதனைக்கு அவர்களும் தங்கள் வீட்டுப் பெயரைத் தர மாட்டார்கள். கேட்கப்போவதில்லை, உங்கள் வீட்டுப் பெயரையே போட்டுக்கொள்கிறேன். டெர்மினலில் ஒவ்வொரு தடவை சோதனையை ஓட்டும்போதும் முதலில் நீங்கள் சாகிறீர்கள் மச்சான், பிறகுதான் அக்காவின் முறை நிற்கிறதா என்று பார்க்கிறேன். நிற்கிறது. இனி எந்தக் கிணற்றுக்கு எழுதினாலும் அதில் சாக வேண்டியவர் நீங்கள்தான்.