பாவு விரிக்காத காலை

அனுப்புநர்:
ச. கலீமுல்லா,
மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை,
மண்டபக் கிழக்குத் தெரு,
காஞ்சிபுரம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
போக்குவரத்துப் பாதுகாப்புச் சிறப்புக் குழு,
நகர்மன்ற அலுவலகம்.

பொருள்: மண்டபக் கிழக்குத் தெருவில் நெசவாளர்கள் பாவு விரிக்க விதிக்கப்பட்ட தடை – அதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட விபத்து விவரம் தவறாக இருத்தல் – தடையை நீக்கி, காலை வேளையில் லாரிகள் வருவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தெருவாசிகளின் முந்தைய மனுவும், அதன்பேரில் தங்கள் குழு பிறப்பித்த தடை உத்தரவும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட உத்தரவில் "விபத்தில் மரணமடைந்த நபீசா என்னும் பெண்மணி" என்று குறிப்பிடப்பட்டிருப்பவள் என் மனைவி. ஆகவே இது குறித்து எழுதுவதற்கு மற்றவர்களைவிட எனக்குச் சற்றுக் கூடுதல் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கச்சேரி வாசலில் மனு எழுதித் தருபவரிடம் நான் போகவில்லை. அவர் எழுதினால் பிழையில்லாமல் இருக்கும். ஆனால் பாதி விஷயத்தைத் தேவையில்லை என்று தள்ளிவிடுவார். தள்ளிவிட்டதால் வந்த வினையைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். மனு நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் தெருவில் வீடுகள் பெரும்பாலும் மேற்குப் பக்கம். குடிநீர்க் குழாய் கிழக்குப் பக்கம். காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். ஆகவே அந்த நேரத்தில் பெண்கள் எல்லோரும் தெருவைக் கடந்தாக வேண்டும். அதே நேரத்தில்தான் நெசவாளர் வீடுகளில் முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒருவராகப் பாவு விரிப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் மூங்கில் கவைகளை வரிசையாக நிறுத்தி, தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை நடுத்தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, கஞ்சி போட்டு, காயவைத்து, சுருட்டி எடுத்துப் போய்விடுவார்கள். அதுவரை எந்த வண்டியும் உள்ளே வராது. சைக்கிளில் வருபவர்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். தங்கள் உத்தரவு இதைத்தான் "போக்குவரத்துக்கு இடையூறு" என்கிறது. நாங்கள் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. தெரு அப்படித்தான் இருந்தது.

3. இதில் ஒரு சின்ன விஷயம் முக்கியமானது. குழாய்க்குப் போகும் பெண்கள் பாவைச் சுற்றிக்கொண்டு போகமாட்டார்கள். அது தெரு நீளம் இருக்கும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் பாவுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் எழுந்திருப்பார்கள். இழையில் தலைமுடிகூடப் படக்கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் நபீசாவின் முக்காடு ஈரப் பாவில் பட்டுவிட்டது. எதிர்வீட்டு ஜெயம்மாள் தெருவே கேட்கும்படி ஏசினார். நபீசா இரண்டு நாள் குழாய்ப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஜெயம்மாளே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய் எப்படிக் குனிவது என்று காட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நபீசா பேசிக்கொண்டே குனிவாள், பேசிக்கொண்டே எழுந்திருப்பாள். நின்று தெருவைப் பார்த்துவிட்டுக் கடக்கும் வழக்கம் அவளுக்கு மட்டுமல்ல, எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் வராது.

4. தெருவுக்குத் தார் போட்டதில் எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சிதான். நான் பஞ்சர் ஒட்டுபவன். எனக்குத்தான் வருமானம் கொஞ்சம் குறைந்தது, அதைப் பற்றிப் புகார் இல்லை. ஆனால் தார் போட்ட கொஞ்ச நாளிலேயே வாலாஜாபாத் பக்கத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றிவரும் லாரிகள் பெரிய வீதியை விட்டுவிட்டு எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டன. காலையில் பாவு இருந்தால் லாரி என் கடையோரம் வந்து நிற்கும். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார். மற்ற நேரத்தில் காற்றாகப் பறக்கும். ஆகவே தெருவாசிகள் சேர்ந்து நகர்மன்றத்துக்கு மனு கொடுத்தோம். வண்டிகள் வேகம் குறைய தெருமுனையில் மேடு ஒன்று போட வேண்டும், எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், குழாயை மேற்குப் பக்கம் மாற்ற வேண்டும் என்று கேட்டோம். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நாங்கள் அதை நல்ல பதில் என்றே எடுத்துக்கொண்டோம்.

5. விபத்து நடந்த அன்று பாவு விரிக்கும் முறை துரைக்கண்ணு என்பவருடையது. முந்தின நாள் இரவு தெருக்கோடி வீட்டில் பெரியவர் வீரபத்திரன் காலமாகிவிட்டார். தெருவில் பிணம் இருக்கும்போது பாவு விரிப்பதில்லை என்பது எங்கள் தெரு நெசவாளர்களின் வழக்கம். துரைக்கண்ணு பாவை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால், அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பதற்காக நபீசா வழக்கத்தைவிடச் சீக்கிரமே குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் அப்போது கடையில் இருந்தேன். தினமும் நின்று போகும் லாரி அன்றைக்கு நிற்காமல் என்னைக் கடந்து போனது. அதில் கெட்டது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

6. அடுத்ததைப் பார்த்தவர் ஜெயம்மாள். அவர் என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "பாவு இல்லைன்னு அதுக்கும் தெரியும் பாய். துக்க வூட்டுக்குத்தானே தண்ணி எடுக்க போச்சு. ஆனா நடுத்தெருவுக்கு வந்ததும் குனிஞ்சுது. ஒண்ணுமே இல்லாத எடத்துல, எப்பவும் குனியறா மாதிரி குனிஞ்சுது." குனிந்தவளுக்கு லாரி தெரியவில்லை. குனிந்தவள் டிரைவருக்கும் தெரியவில்லை. அவர் தென்னேரிக்காரர். அவரே அவளைத் தூக்கி லாரியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "தெனம் நின்னுக்கினு கெடக்கற எடம், அன்னிக்குக் காலியா இருந்துது, அழுத்திட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான், முடியவில்லை. அவர் வழக்கு தனியாக நடக்கிறது, அதைப் பற்றி இங்கே மேலும் எழுதுவது முறையல்ல.

7. அதன்பிறகு தங்கள் குழு தெருவைப் பார்வையிட வந்தது. அதற்காக நன்றியோடு இருக்கிறோம். அதற்கு முன் நகர்மன்றத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வந்து போனவர் கொசு மருந்து அடிப்பவர்தான். ஆனால் குழு வந்தது பிற்பகலில். அப்போது குழாயில் தண்ணீர் இல்லை, தெருவில் பாவு இல்லை, லாரியும் இல்லை. கவை நிறுத்தும் இடங்களில் தார் பெயர்ந்திருப்பதை மட்டும் பார்த்தார்கள். நான் அன்று வாலாஜாபாத்தில் நபீசாவின் தாயார் வீட்டில் இருந்தேன். இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்ற எண்ணம் என்னை இன்னும் விடவில்லை.

8. குழுவினர் கேட்டபோது ஜெயம்மாள் எனக்குச் சொன்னதில் பாதியைத்தான் அங்கே சொல்லியிருக்கிறார்; அன்று பாவு இல்லாததைத் தெருவே அறியும் என்று விட்டுவிட்டார். பாவுக்குக் குனிவது போலக் குனிந்தாள் என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் பாவுக்குக் குனிந்தார் என்றால் அங்கே பாவு இருந்திருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து வருபவர்கள் நினைப்பது இயற்கையே. இல்லாத பாவுக்கு ஒரு பெண் குனிவாள் என்று யார் நம்புவார்கள்? அந்தத் தெருவில் குடியிருந்தால்தான் நம்ப முடியும். அடுத்து, அன்றைய முறை யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். துரைக்கண்ணு எழுந்து நின்று, "என் மொறதாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். விரித்தாயா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆகவே தங்கள் உத்தரவில், துரைக்கண்ணு என்பவர் நடுத்தெருவில் விரித்திருந்த பாவுக்கு அடியில் குனிந்து வந்தபோது மேற்படி பெண்மணி வாகனத்தில் அடிபட்டார் என்றும், எனவே பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு அத்தெருவில் பாவு விரிக்கத் தடை விதிக்கப்படுகிறது என்றும், மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் வந்துவிட்டது. உத்தரவின் நகல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. என் கடைச் சுவரிலும் ஒன்று இருக்கிறது.

9. ஊருக்குத் திரும்பியதும் துரைக்கண்ணுவிடம் போய், ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று சண்டையே போட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நான் பாவு போட்டிருந்தா லாரி நின்னிருக்கும் பாய். தங்கச்சி இன்னிக்கு இருந்திருக்கும். போடலையே. அப்புறம் அதுல என் பேரு இருக்கறது சரிதானே" என்றார். வழக்கப்படி நடந்துகொண்டதற்காக ஒருவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறார். செய்யாததைச் செய்ததாகச் சொல்லி நகர்மன்றமும் அவரையே குற்றவாளியாக்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என் மனைவியின் பெயர் இருக்கிறது. அவர் மேல் எனக்கோ என் பிள்ளைகளுக்கோ நபீசாவின் பிறந்த வீட்டாருக்கோ எந்த மனக்குறையும் இல்லை என்பதை இதன்மூலம் எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. எங்கள் வார்டு உறுப்பினர் கோதண்டபாணி அவர்களிடம் முறையிட்டேன். நல்ல மனிதர், வருத்தப்பட்டார். "நீங்க கேட்டது மேடு, அவங்க கண்ணுல பட்டது கவை. மேடு போட செலவு இருக்குது, கவையை எடுக்க செலவு இல்ல. நான் இன்னா பண்றது பாய், எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க" என்றார். அவர் சொன்னதாக இதை எழுதியதற்கு அவர் என்மேல் கோபப்படக்கூடும். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

11. தடைக்குப் பிறகு தெருவின் நிலைமையைக் குழு அறிய வேண்டும். நெசவாளர்கள் பாவைத் தூக்கிக்கொண்டு செவிலிமேட்டுப் பக்கம் திறந்த வெளிக்குப் போகிறார்கள். அங்கே காற்றும் மண்ணும் அவர்கள் பாடு. தெருவோ விடிந்ததிலிருந்து லாரிகளுக்குத் திறந்து கிடக்கிறது. முன்பு நின்று டீ குடித்தவர்கள் இப்போது நிற்பதில்லை. மேடு போடப்படவில்லை. பலகை வந்தது. அதில் "பாவு விரிக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறது, "மெதுவாகச் செல்லவும்" என்று எழுதவில்லை. குழாய் இன்னமும் கிழக்குப் பக்கமே இருக்கிறது. நபீசா போன இடத்துக்கு இப்போது என் மகள் ஃபரீதா குடத்தோடு போகிறாள். தாயிடம் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிக்கொண்ட பெண். நேற்றுக் காலையிலும் நடுத்தெருவில் அவள் குனிந்தாள். நான் கையிலிருந்த டயரைப் போட்டுவிட்டு ஓடினேன். நல்லவேளையாக அப்போது ஒன்றும் வரவில்லை. "ஏம்மா குனிஞ்சே?" என்று கேட்டதற்கு, "குனிஞ்சேனா வாப்பா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஜெயம்மாளும் குனிகிறார். கண்ணால் பார்த்தவரே குனிகிறார்.

12. தங்கள் குழு கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்ததாக நான் கருதவில்லை. ஒரு பெண் இறந்துவிட்டாள், ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அக்கறையில் செய்தார்கள். அந்த அக்கறை எங்கள் முதல் மனுவின்போதே வந்திருக்கக் கூடாதா என்ற வருத்தத்தை மட்டும் மறைக்க முடியவில்லை. நான் நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை. மேற்படி தடை உத்தரவை ரத்து செய்து, காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் முழுவதும் எங்கள் தெருவுக்குள் லாரிகள் வருவதைத் தடை செய்ய வேண்டுகிறேன். நாங்கள் முன்பே கேட்ட மேட்டையும் பலகையையும் குழாய் மாற்றத்தையும் செய்துதர வேண்டுகிறேன். இன்னொரு முறை பார்வையிட வருவதானால் காலையில் வர வேண்டும். வந்தால் நாங்கள் எதையும் விளக்கிச் சொல்லத் தேவை இருக்காது. சற்று நேரம் என் கடை வாசலில் நின்றாலே போதும்.

13. இவற்றையெல்லாம் நிறைவேற்றக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். ஆனால் ஒன்றை மட்டும் உடனடியாகச் செய்யலாம். விபத்து நடந்த அன்று எங்கள் தெருவில் பாவு விரிக்கப்படவில்லை, துரைக்கண்ணு மீது குற்றம் எதுவும் இல்லை என்று நகர்மன்றம் அறிவிக்க வேண்டும். இதைத் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் போதாது. தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். துரைக்கண்ணு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறார், தெருவுக்கு வருவதில்லை. நான் தட்டினாலும் திறப்பதில்லை. ஆகவே தண்டோராக்காரர் அவர் வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லுமாறு உத்தரவிட வேண்டுகிறேன். நபீசாவின் புருஷன் சொல்லச் சொன்னதாகவும் சேர்த்துச் சொல்லலாம்.

தங்கள் நல்ல முடிவை எங்கள் தெரு எதிர்பார்த்திருக்கிறது.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 9-10-1969

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ச. கலீமுல்லா