எருமைக்குத் திறக்கிற கேட்

இயேசு மரி சூசை

ஆரோக்கிய நகர்,
அதியமான்கோட்டை,
9-8-1987

அன்பு மகன் ராயப்பனுக்கு அம்மா மதலேனம்மாள் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்து நன்றாக இருக்கிறோம், அதேபோல நீயும் அங்கே பஹ்ரைனில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். உன் கடிதம் போன வாரம் வந்தது. மாரண்டஹள்ளியில் உன் அக்கா லூர்து மேரி சுகம், தக்காளி இந்த முறை நன்றாகக் காய்த்தும் விலை இல்லாமல் வரப்பிலேயே கொட்டினார்களாம், பெரிய பையனுக்கு மாதா பிறந்த நாளன்று கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை கொடுக்கப் போகிறார்கள், மாமா ஒரு வாட்ச் அனுப்புவார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான், அதனால் மறக்காமல் அனுப்பு. உன் அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை, கடலை மிட்டாயைப் பேப்பருக்குள் ஒளித்து வைத்துத் தின்கிறார்.

நாலு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் நம் காலனி கேட்டைப் பற்றியே கேட்டிருக்கிறாய். எப்படி வேலை செய்கிறது, எத்தனை விநாடியில் திறக்கிறது, போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். போட்டோ அனுப்பப் போவதில்லை, அந்தக் கண்ணறாவியைப் படம் வேறு பிடிப்பார்களா. எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி. போன டிசம்பரில் நீ லீவில் வந்திருந்தபோது காலனிச் சங்கத் தலைவர் முனிராஜ் நம் வீட்டு ஹாலில் காபி குடித்துக்கொண்டு, உங்க ஊர்ல கேட்டெல்லாம் தானா தொறக்குமாமே தம்பி, என்று கேட்டார். உடனே நீ காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் ஒரு தகடு, அதன் கீழே ஒரு ஸ்விட்ச், ஒரு மோட்டார், ஒரு சங்கிலி என்று பத்து நிமிஷத்தில் படம் போட்டுக் கொடுத்தாய். காபி ஆறுவதற்குள் போட்ட படம். அதை அந்த மனுஷன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் திரிந்தார். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து இந்தக் காலனியில் இருப்பது ஒரே ஒரு கார், அது ரைஸ் மில் முனிராஜின் அம்பாசிடர். ஒரு காருக்கு ஒரு தானியங்கி கேட். அவர் ஹாரன் அடித்துவிட்டு வாட்ச்மேன் மாரப்பன் ஓடி வரும் வரை அரை நிமிஷம் காத்திருப்பது கௌரவக் குறைச்சலாம், பெங்களூரில் இப்போது யாரும் வாட்ச்மேன் வைப்பதில்லையாம்.

ஓசூரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். உன் படத்தைப் பார்த்து, ரொம்ப சிம்பிள் சார், என்றானாம். சாலையைத் தோண்டி உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரும்புத் தகடு பதித்து, நாய் நடந்தால் ஆடு நடந்தால் திறந்துவிடக் கூடாது என்று கீழே ஸ்பிரிங்கை இறுக்கி வைத்தான். ஓரத்தில் ஆள் நுழைந்து போகிற சந்து இருந்ததே, அதைப் பாதுகாப்பு என்று சொல்லிச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மனுஷர்கள் நடந்தும் வருவார்கள் என்பது தலைவருக்கும் தோன்றவில்லை, மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை, கார்கள் மட்டுமே போகிற ஊரில் இருந்துகொண்டு படம் போட்ட உனக்கும் தோன்றவில்லை.

திறப்பு விழாவை ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஜூன் இருபத்தொன்பதாம் தேதி வைத்தார்கள். அன்று ராயப்பர் திருநாள், உன் நாமத் திருநாள், உனக்காகப் பூசை கேட்டுவிட்டு நேராக அங்கேதான் போனேன். பதினோரு வருஷமாகக் கேட்டுக்குக் காவல் இருந்த மாரப்பன் அன்றோடு வேலைக்கு நின்றுவிட வேண்டும், பூட்டுச் சாவியை எல்லோர் முன்னாலும் தலைவர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்று தெரிந்தும் அவன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு சாவியைப் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று கொண்டு வந்திருந்தான். அவன் மனைவி பாஞ்சாலி கேட்டை ஒட்டி அவர்கள் குடியிருக்கிற கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டாள், கிட்டே வரவில்லை. இங்கே பாதி வீடு நம்மவர்கள், பாதி வீடு இந்துக்கள், யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று இரண்டு பக்கச் சடங்கும் வைத்திருந்தார்கள். முதலில் பூசாரி வந்து தகட்டுக்கு மஞ்சள் குங்குமம் பூசி, அதன் மேலேயே பூசணிக்காயை ஓங்கி உடைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைச் சுற்றி ஊற்றினார். அடுத்து நம் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தெளித்த தீர்த்தம் கொஞ்சம்தான், ஆனால் தலைவர் மனைவி, நல்லா ஊத்துங்க சாமி, என்று வாளியையே நீட்டினாள். வேதம் இரண்டும் சேர்ந்து ஸ்விட்ச்சைக் குளிப்பாட்டிவிட்டன. மெக்கானிக் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றான், சாமி காரியத்தில் குறுக்கே பேசக் கூடாதென்று வாயைத் திறக்கவில்லையாம். இப்படி ஒரு மெக்கானிக், இப்படி ஒரு தலைவர்.

பிறகு முனிராஜ் காருக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தகட்டின் மேல் ஏற்றினார். கேட் திறந்தது, எல்லோரும் கை தட்டினார்கள், உன் அப்பா பலமாகத் தட்டினார். கார் பாதி உள்ளே போவதற்குள் கேட் மூடத் தொடங்கியது. மறுபடி திறந்தது, மறுபடி மூடியது, காரின் பின்கதவில் போய் இடித்துக்கொண்டு சங்கிலி அலறியது. தலைவர் உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார், மோட்டாருக்குக் காது இருக்கிறதா என்ன. மெயினை அணை என்று கத்துகிறார்கள், மெயின் பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி தலைவர் வீட்டு பீரோவில். அப்போது ஓடிப்போய் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து இழுத்தது யார் என்று நினைக்கிறாய், அன்றோடு வேலை போனவன்தான். கார் இடுக்கிலிருந்து தப்பிவிட்டது, மாரப்பனின் வலது கை விரல் இரண்டு சங்கிலிக்குள் போய்விட்டது. நான்தான் என் முந்தானையைக் கிழித்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். விரலை எடுக்கவில்லை, ஆனால் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முனிராஜ் அன்று சாயங்காலம் என்னைப் பார்த்து முதலில் கேட்டது காரின் கதவில் விழுந்த கோட்டுக்கு ஓசூரில் நல்ல பெயின்டர் கிடைப்பானா என்று. நான் பதில் சொல்லியிருந்தால் உன் அப்பா வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

மெக்கானிக் ஸ்விட்ச்சைக் காயவைத்து மறுபடி மாட்டினான். இப்போது அந்தக் கேட் ஒழுங்காக வேலை செய்கிறது, அதாவது காருக்குத் திறக்கிறது. சைக்கிளுக்குத் திறக்காது, உன் அப்பாவின் மொபெட்டுக்குத் திறக்காது. நடந்து வருகிறவர்கள் நாலு பேர் ஒன்றாகத் தகட்டில் ஏறி நின்றால் திறக்கும், அதிலும் ஒருத்தி ஒல்லியாக இருந்தால் திறக்காது. காலைப் பூசைக்குப் போக ஆள் சேர்த்துக்கொண்டு போனோம். மத்தியானத்தில் கரண்ட் போய்விட்டால் நாற்பது பேர் ஏறி நின்றாலும் அசையாது. போன மாதம் ஒரு புதன்கிழமை ரேஷன் கடையிலிருந்து சர்க்கரையும் பாமாயிலும் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றேன், ஒரு ஆள் சேரவில்லை. கடைசியில் பால்காரி கோவிந்தம்மாளின் எருமை மேய்ந்துவிட்டு வந்து தகட்டில் காலை வைத்தது, கேட் மரியாதையாகத் திறந்தது, எருமை முன்னால் போக அதன் வாலைப் பார்த்துக்கொண்டே நான் உள்ளே போனேன். முப்பத்திரண்டு வருஷம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள், அன்றைக்கு எருமை தயவில் என் வீட்டுக்குப் போனேன். கோவிந்தம்மாள் வேறு சிரித்துக்கொண்டே, நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துருங்க நர்சம்மா, ஓட்டியாறேன், என்றாள்.

இந்த அவமானம் தாங்காமல் ஜனங்கள் சத்தம் போட்டதும் முனிராஜ் ஒரு வழி கண்டுபிடித்தார். மாரப்பனைத் திரும்பக் கூப்பிட்டுப் பாதிச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார். களத்தில் கேழ்வரகுக் கதிர் மேல் மாடு பூட்டி இழுக்கிற கல் உருளை ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், யாராவது வந்தால் மாரப்பன் அதைத் தகட்டின் மேல் உருட்ட வேண்டும், அவர்கள் போனதும் இறக்க வேண்டும். தானாகத் திறக்கிற கேட்டுக்கு மாடு வேலை செய்ய ஒரு ஆள், அதுவும் கட்டுப் போட்ட கையோடு. முன்பெல்லாம் ஒரு கையால் தள்ளிவிட்டு, வாங்க, வூட்ல எல்லாரும் சௌக்கியங்களா, என்று கேட்பான், இப்போது மூச்சு வாங்குவதால் பேச்சு வருவதில்லை. இதுவும் தற்காலிகம்தானாம். செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் வைத்திருக்கிறார்கள், ஜெனரேட்டர் வாங்கி, ஆள் நடந்தாலே திறக்கிற மாதிரி வேறு ஸ்பிரிங் போட்டு, மாரப்பனை ஒரேயடியாக அனுப்பிவிட்டு, அவனும் பாஞ்சாலியும் இருக்கிற கொட்டகையை இடித்து அங்கே ஜெனரேட்டரை வைப்பது என்று தீர்மானம் எழுதியாகிவிட்டது. விரல் மடங்காதவனுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள், அந்தக் கொட்டகையும் போனால் எங்கே போவார்கள். யார் என்ன கேட்டாலும் தலைவர், நம்ம ராயப்பன் தம்பி போட்ட பிளான், பாரின்ல எல்லாம் இதான், என்று வாயை அடைத்துவிடுகிறார்.

எல்லோரையும் திட்டிவிட்டேன், ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. மார்ச் மாதக் கூட்டத்தில் கேட் வைக்கலாமா என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான். மாரப்பனின் வேலை போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முனிராஜ் உன் பெயரைச் சொல்லி அந்தக் காலண்டர் தாளை எல்லோருக்கும் காட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை, என் மகன் போட்ட படம் என்று பெருமையில் கை தானாக மேலே போய்விட்டது. முனிராஜைப் பற்றி எழுதியதையெல்லாம் எனக்கும் சேர்த்துப் படித்துக்கொள்.

முந்தாநாள் மாரப்பன் கட்டு மாற்றிக்கொள்ள வந்தான். படம் போட்டது நீ என்று அவனுக்குத் தெரியாது, சங்கக் கூட்டத்துக்குள் அவனை விட்டதே இல்லை, ரோட்டில் யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை. மருந்து போடும்போது கண்ணை மூடிக்கொண்டு, நர்சம்மா, நம்ம சின்னவருக்கு லெட்டர் போடறப்ப என்னப் பத்தி ஒரு வார்த்த எழுதுங்க, அவரு கரண்ட்டு வேல படிச்சவரு, எவனோ கண்டதச் சொல்லி நம்ம தலைவரு அய்யாவ ஏமாத்திப்புட்டான், சின்னவரு இது வேணாம்னு ஒரு வரி எழுதினா அய்யா கேப்பாருங்க, ஊருக்குப் போறப்ப அவரு பொட்டிய நான்தான தூக்கிக்கிட்டுப் போயி பஸ் ஏத்துனேன், என்றான். அந்த எவனோ யார் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கட்டை முடிச்சுப் போட்டு, எழுதுறேன் மாரப்பா, என்றேன், அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எழுதிவிட்டேன். இனி உன் பாடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே முனிராஜுக்கு நேராக ஒரு கடிதம் போடு, நான் போட்ட படம் தப்பு, அந்தத் தகட்டைப் பிடுங்கிப் போடுங்கள், ஓரத்தில் அடைத்த சந்துவழியைத் திறந்துவிடுங்கள், மாரப்பனைப் பழையபடி முழுச் சம்பளத்துக்கு வையுங்கள் என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடு. கூட்டத்தில் அதை நானே எழுந்து நின்று படிக்கிறேன், முதலில் தூக்கிய கையை முதலில் இறக்குவதும் நானாகவே இருக்கட்டும். உனக்கு மோட்ச வாசல் காக்கிற அர்ச்சிஷ்ட ராயப்பரின் பெயரை வைத்தோம், ஒரு வாசல்காரனின் பிழைப்பில் மண் போட வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூசையைத் தவறவிடாதே, ஏசியில் படுத்துவிட்டு உடனே வெயிலில் போகாதே, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. மாதாவும் சூசையப்பரும் உன்னைக் காப்பார்களாக. உன் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், இதையெல்லாம் நான் எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் தெரியட்டும்.

ஞாபகம் வைத்துக்கொள், நீ அடுத்த லீவில் பெட்டியோடு வந்து அந்தக் கேட் முன்னால் நிற்கும்போது திறந்துவிட மாரப்பன் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் கோவிந்தம்மாளின் எருமை வரும் வரைக்கும் வெளியிலேயே நில், நான் வந்து திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரும் கோபமுமாக இருக்கும் அம்மா,
அ. மதலேனம்மாள்