கல்கண்டுக்கு யார் மேல் கோபம்

பம்மல்
9-12-2007

அன்பு மகன் ஜைதுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் சுகம், தம்மாமில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடி வேலைக்குப் போய் வர ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். அத்தாவுக்கு முட்டி வலி தேவலை. உன் தங்கை இரம் ஊரப்பாக்கத்தில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள், மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுகச் செய்தி இவ்வளவுதான். மீதியைப் போனில் ஆரம்பித்தால் கார்டு முடிந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்துத்தான் போடவேண்டும், கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

சனிக்கிழமையானால் அம்மா முடிச்சூரில் குதிரை மேய்க்கப் போகிறாள் என்று நீ ரூமில் கேலி பேசுவது எனக்குத் தெரியும். மேய்க்கவில்லை அப்பா. கை கால் சரியாக வராத பிள்ளைகளைக் குதிரை மேல் உட்காரவைத்து மெதுவாக நடத்துகிறார்கள், அதன் சூடும் அசைவும் பட்டால் இறுகின உடம்பு இளகும். குதிரைக்காரப் பூவராகன் கயிற்றைப் பிடித்து முன்னே போவான், நானும் பக்கத்து வீட்டு சாஹிரா டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு நடப்போம். பிள்ளைகள் கல்கண்டு என்று பேர் வைத்த வெள்ளைக் குதிரை அங்கே உண்டு, மேலே இருக்கிற பிள்ளை கொஞ்சம் சாய்ந்தால் யாரும் சொல்லாமல் தானாக நின்றுவிடும். அஞ்சலி என்று ஒரு பெண், ஒன்பது வயது, கோவளத்து மீன்காரி அங்காளம்மாளின் மகள், இரண்டு காலும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டிருக்கும். தாய்க்காரி சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி அவளைத் தூக்கிக்கொண்டு வருவாள். வந்த புதிதில் காலைப் பிரித்துக் குதிரையில் உட்காரவைப்பதற்குள் பிள்ளை கதறிவிடும். அப்படிப்பட்டவள் போன நோன்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் நாலு எட்டு வைத்தாள். நோன்பு வாயோடு நின்று அழுதேன்.

அந்தக் குதிரையைத்தான் நீ இரம் கல்யாணத்தில் உன் மச்சானுக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தாய். அவருடைய அண்ணன் நிக்காஹ்வுக்கு வெள்ளைக் குதிரையில் வந்தாராம், தம்பி காரில் வந்தால் நமக்குக் கௌரவக் குறைச்சலாம். கல்யாண சீசனில் வாடகைக்கு வெள்ளைக் குதிரை கிடைக்கவில்லை என்றதும் என்னைக் கேட்டாய். முடியாது, இது வெடிச் சத்தத்துக்குப் பழகாத ஜீவன், தீபாவளி வந்தால் காதில் துணி அடைத்துக் கொட்டகையைச் சாத்தி வைக்கிறோம் என்று தெளிவாகச் சொன்னேன். சரிம்மா என்றாய். சொன்ன கையோடு, அந்த இடத்தை நடத்துகிற தேவானந்தம் சாருக்குப் போன் போட்டு, அம்மாதான் கேக்கச் சொன்னாங்க சார், கூச்சப்படுறாங்க, வெடி கிடி எதுவும் இல்ல என்றிருக்கிறாய். என் பெயரைக் கேட்டதும் மனிதர் மறு பேச்சு பேசவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

நான் மண்டப வாசலில் மாப்பிள்ளையை வரவேற்க நிற்கிறேன், ஜரிகைக் குடைக்குக் கீழே கல்கண்டு வருகிறது. நிறுத்துங்கள் என்று ஓடுவதற்குள் உன் ஷாகுல் மாமா சரவெடியைக் கொளுத்திவிட்டார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு யார் சொன்னார்கள். குதிரை இரண்டு காலில் எழும்பியது, மாப்பிள்ளையை நாலு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள், ஒரு வெடி அதன் வயிற்றுக்கு அடியிலேயே வெடித்தது. கயிற்றை விடாமல் பிடித்த பூவராகனுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. வீடியோக்காரர் அந்த இடத்துக்குப் பாட்டுப் போட்டிருக்கிறார், வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரிக்கிறார்கள், உன் அத்தா உட்பட. போனில் நீ மச்சானுக்கு அடி பட்டதா என்று கேட்டாய், பிரியாணி எல்லோருக்கும் வந்ததா என்று கேட்டாய். குதிரையை நீ கேட்கவே இல்லை.

வெடி பட்ட கல்கண்டின் வயிற்றுப் புண் ஆறிவிட்டது. பக்கத்தில் ஆள் வந்து நின்றால்தான் உடம்பெல்லாம் உதறுகிறது, உதைக்கிறது. பக்கத்துக்கு ஒருவர் நிற்காமல் பிள்ளையை எப்படி ஏற்றுவது? இனி இதில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே இருக்கிற இன்னொன்று மட்டக்குதிரை, அது அஞ்சலியின் கனம் தாங்காது. தேவானந்தம் சார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. அங்காளம்மாள் கேட்டாள், எல்லோர் முன்னாலும். இன்னாக்கா, குதிர இல்லாட்டி உங்க வூட்ல கல்யாணம் ஆவாதா, எம்பொண்ணு நடக்கறதுதான் கண்ண உறுத்திச்சா என்றாள். நான் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என் பிள்ளை பொய்யன் என்று நானே சாட்சி சொன்னதாகும், விழுங்கிக்கொண்டேன்.

நேற்று அஞ்சலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கால் பழையபடி பின்ன ஆரம்பித்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆன்ட்டி, கல்கண்டுக்கு எம்மேல கோவமா, அதான் ஏத்திக்க மாட்டேங்குதா என்றாள். உம்மேல இல்லடா கண்ணு என்றேன். அப்போ யார் மேல என்றாள். எம்மேலதான் என்றேன், பெற்றவள் வேறு என்ன சொல்வாள். பிள்ளை கையை உருவிக்கொண்டாள்.

ரஜப் மாதத்தில் லீவில் வரும்போது உனக்குப் பெண் பார்க்கச் சொல்லியிருக்கிறாய், பார்க்கிறேன், அது என் கடமை. சென்ட் பாட்டிலும் போர்வையும் எனக்கு வேண்டாம். வந்த முதல் சனிக்கிழமை என்னோடு முடிச்சூருக்கு வந்து, அந்தப் பிள்ளை முன்னால் உட்கார்ந்து, நான்தான் என்று உன் வாயால் சொல். அதுவரை பெண் வீட்டாரிடம் என் மகன் நல்லவன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. ராத்திரி ஏசியைக் குறைத்து வைத்துப் படு, உனக்குச் சளி சேரும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், பரக்கத்தையும், பொய் சொல்லக் கூசுகிற நாக்கையும் தரட்டும். ஆமீன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஜஹீரா