பதினேழு படி, ரெண்டு இன்ஜினியர்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததில் இருந்து மூடுபனி. நேற்று போட்ட துணி இன்னும் ஈரம். ஸ்கூல் ஆபீஸில் அரை நாள் லீவு.

அப்பாவுக்குச் சனிக்கிழமை டிஸ்சார்ஜ். இடுப்பு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம், வீல்சேர்தான். எல்லாம் சரி. ரோட்டில் இருந்து எங்கள் வாசலுக்கு இறங்க பதினேழு படி. அதுதான் பிரச்சனை.

பிரச்சனை என்றதும் வீட்டில் ரெண்டு பேர் முகத்தில் வெளிச்சம். அண்ணன் பிரான்சிஸ் சிவில் இன்ஜினியர், பெங்களூரில் இருந்து லீவில் வந்திருக்கிறான். என் வீட்டுக்காரர் ஜெயபால் மெக்கானிக்கல், சேலத்தில் சொந்தமாக ஒரு பட்டறை. ரெண்டு பேரும் மூணு வருஷமாக நேருக்கு நேர் பேசுவதில்லை. சொத்துத் தகராறு என்றால்கூட வெளியே சொல்லலாம். சமையல்கட்டு சிங்க் தகராறு. அண்ணன் போட்ட பைப்பில் தண்ணீர் வடிய வாட்டம் போதாது என்று இவர். போதும் என்று அவன். தண்ணீர் இன்றைக்கும் தேங்கித்தான் நிற்கிறது. அண்ணன் கணக்குப்படி அது எப்போதோ போய்விட்டது.

மதியம் அண்ணன் படியை அளந்தான். ஒரு படி ஏழு இஞ்ச், மொத்தம் பத்தடி இறக்கம். வீல்சேருக்கு ராம்ப் என்றால் ஒரு அடி இறங்க பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமாம். அப்படியானால் நூற்றிருபது அடி. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் போனேன், போனேன், போய்க்கொண்டே இருந்தேன். பக்கத்து ராமாயி அக்காவின் மாட்டுக்கொட்டகை வந்துவிட்டது.

“அப்பா மாட்டுக்கூட இருக்கணுமா?” என்றேன்.

“நடுவுல ஒரு திருப்பம் குடுத்துக்கலாம் ஸ்டெல்லா” என்றான், சீரியஸாக. ஆறு மூட்டை சிமெண்ட் ஏற்கனவே வந்து இறங்கியாச்சு.

இவர் திண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே என்னிடம்: “கான்கிரீட் இறுக எத்தனை நாளாகும்னு உங்க அண்ணனைக் கேளு. இந்த மழையில.”

அண்ணன் மூணு அடி தூரத்தில். காதில் விழாத மாதிரி இருந்தான். நான் கேட்டேன். டேப்பைச் சுருட்டினான்.

வாங்க: பால் பவுடர், அப்பாவுக்கு முன்பக்கம் திறக்கிற சட்டை, டெட்டால்.

ஜூலை 8, செவ்வாய்

காலை முதல் பஸ்ஸில் சேலம். கொண்டை ஊசி வளைவில் முன் சீட்டு அம்மா வாந்தி. என் புடவை தப்பியது.

அப்பா தெளிவாக இருக்கிறார். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த பழக்கம், வார்டில் யார் எப்போது வந்தார்கள், நர்ஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று மனசுக்குள்ளேயே வருகை மஸ்டர் போடுகிறார். ராம்ப் கதையைச் சொன்னேன். சிரித்தார், உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவராகவே: “எப்படி எறக்கப் போறீங்க கண்ணு?”

“நாலு பேர் சேர்ல வெச்சு மெதுவா...”

“வேண்டாம்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “உங்கம்மாவ அப்படித்தான் ஏத்துனோம். நாலு பேரு. நான் பின்னாடியே ஒவ்வொரு படியா ஏறி வந்தேன். அந்தப் படியில என்னைய யாரும் தூக்க வேண்டாஞ்சாமி. முடியலைன்னா உடு, இங்கயே எங்கியாச்சும் ஒரு ரூம் பாத்து இருந்துக்கறேன்.”

அம்மா போய் ரெண்டு வருஷம். அவர் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

தூறல். இவருடைய முறை.

பட்டறையில் இருந்து ரெண்டு இரும்புத் தண்டவாளம், சக்கரம் வைத்த பலகை, கையால் சுற்றும் வின்ச். படி மேல் தண்டவாளம் போட்டு, பலகையில் சேரைக் கட்டி, கம்பி வடத்தால் மெதுவாக இறக்கும் ஏற்பாடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சோதிக்க எடை வேண்டும். அப்பா 58 கிலோ. “ரெண்டரை மடங்கு தாங்கணும்” என்று அண்ணனுடைய சிமெண்ட் மூட்டையில் மூணை எடுத்து வைத்தார். அனுமதி என் மூலமாகக் கேட்கப்பட்டது, என் மூலமாகக் கிடைத்தது.

எட்டாவது படி வரை ஊர்வலம் மாதிரி வந்தது. பிறகு வடத்தின் கிளாம்ப் நழுவியது. மிச்சம் ஒன்பது படியை நான் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தால் மூட்டை வெடித்து, வாசல், கதவு, ரோஜாத் தொட்டி எல்லாம் சாம்பல் நிறம். மேலே தூறல் வேறு. தொட்டி இனிமேல் ஜென்மத்துக்கும் அப்படியே.

இவர் நழுவிய கிளாம்பைப் பொறுக்கி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இவர்: “இது ஃபெயிலியர் இல்லை. டேட்டா.”

அண்ணன், என்னிடம்: “டேட்டாவ யாரு கழுவறதுன்னு கேளு.”

எனக்கு வந்ததே கோபம். படியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன், நாலு பேர், பின்னாடி ஏறி வந்தது, ரூம் பார்த்து இருந்துக்கறேன் என்றது, எல்லாம். சொல்லும்போதே அழுதுவிட்டேன். வேறு யாராவது இருந்திருந்தால் கையைப் பிடித்திருப்பார்கள். இவர் ஸ்பானரைத் துடைத்தார். அண்ணன் டேப்பை இழுத்தான், விட்டான், இழுத்தான்.

கடைசியில் அண்ணன் சொன்னான்: “அப்ப படியே கூடாது.”

“படி கூடாது” என்றார் இவர்.

என்னைப் பார்த்து இல்லை, அண்ணனைப் பார்த்தே. ரெண்டு பேரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. சமையல்கட்டு மேஜையில் பேப்பர் விரித்து ரெண்டு பேரும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு. பேப்பரில் கிரேன் ஒன்று பார்த்தேன். கேட்கவில்லை.

எட்டு மணிக்கு ராமாயி அக்கா வழக்கம்போலப் பின்பக்க ஜன்னல் கம்பி வழியாக அவரைக்காய் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். “அப்பனுக்கு எப்படி இருக்குதுங்க? நொம்ப நோவுதாங்களா?”

அண்ணன் நிமிர்ந்தான். ஜன்னலைப் பார்த்தான். அக்காவின் கால் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

“அக்கா, நீங்க எப்படி வந்தீங்க?”

“நடந்துதானுங்க.”

“இல்லீங்க, எந்த வழியா?”

“கீழ வளைவுல இருந்து நம்ம காப்பித் தோட்டத்து வழியாத்தான். எப்பவும் அதான வழி? மூட்டை ஏத்த ஜீப்பே வருமுங்களே.”

சமையல்கட்டுத் தரைக்கும் வெளி மண்ணுக்கும் அரை அடிதான் வித்தியாசம். அண்ணன் இந்த வீட்டில் பிறந்தவன். இவர் இதே சிங்க்கின் வாட்டத்தை மூணு வருஷமாக ஆராய்ந்தவர். அந்தப் பக்கம் கதவு இல்லாததால், அந்தப் பக்கம் உலகமே இல்லை என்று முடிவு பண்ணியிருந்தார்கள். நான் மட்டும் என்ன, தினம் அவரைக்காய் வாங்கினவள்.

“அக்கா, சனிக்கிழமை உங்க தோட்டத்து வழியா வேன் வரலாமுங்களா?” என்றான் அண்ணன்.

“ஏனுங்க, இதையெல்லாமா கேப்பாங்க? வேலிப் படலை எடுத்து வெக்கறேன்.”

பத்து மணிக்குப் பின்சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகு நகர்ந்தது. பதினொன்றுக்குச் சுவரில் கதவு அளவுக்குச் சாக்பீஸ் கோடு. பிறகு சண்டை, நேருக்கு நேர், கை நீட்டி. “லோடு நிக்கற சுவர் மச்சான், முட்டுக் குடுக்காம தட்டுனா கூரை நம்ம தலையில.” “எனக்குச் சொல்லித் தர்றீங்களா மாப்ளை? கதவுக்கு மேல கான்கிரீட் லிண்டல் போட்டா இறுக நாளில்லையே, அதச் சொல்லுங்க.” “இரும்புச் சேனல் வெச்சுடலாம். பட்டறையில ஒண்ணு கிடக்குது.”

அண்ணன் அரை நிமிஷம் யோசித்தான். “தாங்கும்” என்றான். அவன் வாயில் அது பெரிய பாராட்டு.

பாத்திரம் எல்லாம் முன் ரூமில். இன்று சமையல் இல்லை. பன்.

ஜூலை 11, வெள்ளி

சுவர் திறந்தாச்சு. செங்கல் தூசி சாம்பாரில், தலையில், பைபிளில். சேனல் உட்கார்ந்தது. இவர் இரும்புச் சட்டம் வெல்டிங், அண்ணன் வாசற்படி இல்லாமல் சின்னச் சரிவு, மரப்பலகையில். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம். உள்பக்கம் என்றால் சிங்க் இடிக்கிறது, வெளிப்பக்கம் என்றால் காற்றில் அடிக்கிறது. சாயங்காலம் ராமாயி அக்கா வந்து பார்த்துவிட்டு, “கதவு அகலம் வீல் வண்டிக்குப் பத்துமுங்களா?” என்றார். ரெண்டு பேரும் ஒரே சமயம் டேப்பை எடுத்தார்கள். மூணு இஞ்ச் மிச்சம். ரெண்டு பேரும் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

ஜூலை 12, சனி

வேன் பதினொன்றரைக்குக் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்தது. பலகை போட்டு வீல்சேரோடு இறக்கினோம். யாரும் தூக்கவில்லை. அண்ணன் தள்ளினான், இவர் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே பாதையில் கல் பொறுக்கினார்.

புது வாசலில் “நிறுத்து” என்றார் அப்பா. எனக்குப் பயம். வலியோ என்று.

பூசாத செங்கலைத் தடவிப் பார்த்தார். மேலே சேனலைப் பார்த்தார்.

“அவ கேட்டா. கல்யாணமான புதுசுல. அடுப்படிக்குப் பின்னாடி ஒரு கதவு வேணும், புகையில நின்னுட்டு இருக்கறேன், காப்பிப் பூ பூக்கறப்ப கொஞ்சம் பாக்கணும்னு சொன்னா.” செங்கலை மறுபடி தடவினார். “நான் எதுக்குடின்னேன். எதுக்குன்னேன் கண்ணு.”

இன்ஜினியர்கள் ரெண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அளக்க எதுவும் இல்லை. அப்புறம் அண்ணன் வீல்சேரைத் திருப்பித் தோட்டத்தைப் பார்க்க வைத்தான். சக்கரம் உருளாமல் இவர் ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தோம். அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. நான் அரிசி களைந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல மழை. பூசைக்கு நான் மட்டும். திரும்பி வந்தால் அப்பா சமையல்கட்டில், போர்வையோடு. சாரல் காலில் அடிக்கிறது. கதவைச் சாத்தட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.