பெருவிரல் முட்டும் பாடம்

குல்மார்க், காஷ்மீர்
பிப்ரவரி 9

அத்தானுக்கு,

நாளைக் காலை என் பனிச்சறுக்கு வகுப்புப் பட்டியலில் உங்கள் பெயரும் உங்கள் மனைவி பெயரும் இருந்தன. அவளை வேறு பயிற்றுநரிடம் மாற்றிவிட்டேன். அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

பசுவந்தனையில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பிறந்ததிலிருந்து பார்த்த முறைப்பெண்ணை நடந்து காட்டச் சொன்னீர்கள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நடந்தேன். “ரெண்டு பெருவிரலும் முட்டுத மாதிரில்லா நடக்கா! இவள எங்கன கூட்டிட்டுப் போறதாம்?” என்றீர்கள். காப்பித் தட்டோடு நின்ற என் அப்பா அதன் பிறகு என் காலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இங்கே ஓட்டல் வேலைக்கு வந்துதான் சறுக்கக் கற்றேன். பெருவிரல்களைச் சேர்த்துக் குதிகால்களை விலக்கு, அப்போதுதான் சரிவில் வேகம் அடங்கும் என்பது முதல் பாடம். மற்றவர்கள் விழுந்து விழுந்து எழுந்தார்கள். நான் எப்போதும்போல நின்றேன். மற்றதையெல்லாம் கற்க மூன்று குளிர்காலம் ஆனது. மழை பெய்த கரிசலில் நடந்தவளுக்கு இந்த பூட்ஸ் ஒரு கனமில்லை. போன மாதம் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கினேன்.

நாளை எல்லோரும் பார்க்க உங்களைச் சரிவில் நிறுத்துவேன். காலை நேராக வைத்தால் கீழே போய்த்தான் விழுவீர்கள். அதனால் நம்மூர்ப் பேச்சிலேயே சொல்லித் தருவேன்: “ரெண்டு பெருவிரலும் முட்டுத மாதிரி வைங்க அத்தான். இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப எல்லாருக்கும் காட்டுங்க.”

இப்படிக்கு,
எங்கேயும் கூட்டிப் போக முடியாதவள்